கேளாமல் வந்த எண்ணெய்

1993ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. வேலையால் வந்து படலையைத் திறக்கும்போதே மண்ணெண்ணெய் மணத்தது. முன்கதவு இடுக்கில் ஒரு மஞ்சள் கடதாசித் துண்டு செருகிக் கிடந்தது. எடுத்துப் பார்த்தோம். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் 612 லீற்றர் இறக்கப்பட்டிருக்கிறது, முந்நூற்றுச் சொச்சம் டொலர், பதினான்கு நாட்களுக்குள் செலுத்தவும் என்று இருந்தது. நாங்கள் எண்ணெய் கேட்கவில்லை. இப்படி ஒரு எண்ணெயை வீடு தேடிக் கொண்டுவந்து ஊற்றுவார்கள் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

அப்போது நாங்கள் மெல்பேணின் மேற்குப் பக்கம், சன்ஷைனில் ஒரு பழைய பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பக்கச் சுவரோரம் நான்கு இரும்புக் கால்களில் ஒரு துருப்பிடித்த தாங்கி நின்றது. அதிலிருந்து ஒரு மெல்லிய செப்புக் குழாய் சுவரைத் துளைத்து, முன்னறையில் இருந்த ஹீற்றருக்குப் போனது. வீட்டு ஏஜென்ற் முதல் நாளே சொல்லியிருந்தார், அதைத் தொடவேண்டாம், பழையது என்று. நாங்களும் அதன்மேல் ஒரு பூச்சாடியை வைத்துவிட்டு மறந்துபோனோம்.

கனடாவில் இருக்கும் எங்கள் உறவுகளுக்கு இந்த எண்ணெய்த் தாங்கி புதினமாக இராது. மெல்பேணிலும் ஒரு காலம் இது சாதாரண விடயம்தான். தாங்கியில் இருந்து எண்ணெய் தன் பாரத்திலேயே இறங்கிவரும். ஹீற்றரின் அடியிலுள்ள கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்து ஆவியாகி எரியும். 1969இல் பாஸ் நீரிணையிலிருந்து இயற்கை வாயு மெல்பேணுக்கு வந்தது. 1973இலும் 1979இலும் உலகத்தில் எண்ணெய் விலை ஏறியது. அதோடு ஆட்கள் ஒவ்வொருவராக வாயுவுக்கு மாறிவிட, மாறாத வீடுகளில் கிழவர்களும் கிழவிகளும் மட்டும் மிஞ்சினார்கள். மாறிய வீடுகள் பலவற்றில் தாங்கி மட்டும் நின்றுகொண்டிருந்தது.

எண்ணெய் வந்த நேரம் வீட்டில் அம்மம்மா மட்டுமே இருந்தார். பிள்ளைகள் அழைக்கிறபடி நாங்களும் இங்கே அம்மம்மா என்றே எழுதுகிறோம். கிளாலி நீரேரியை இரவில் படகேறிக் கடந்து, வவுனியா வந்து, கொழும்பு லொட்ஜ் ஒன்றில் மாதக் கணக்கில் காத்திருந்து, அந்த வருடம் ஏப்ரலில்தான் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார்.

"ஆர் வந்தது அம்மா? என்ன கேட்டவன்?"

"ஒரு வெள்ளை. உயரமான ஆள். கதவைத் தட்டிப்போட்டு ஏதோ சொன்னான். நான் தலையாட்டினன். பிறகு பெரிய குழாய் ஒண்டை இழுத்துக்கொண்டு பக்கத்தாலை போனான். மரத்துக்குத் தண்ணி விடுறாங்களாக்கும் எண்டு நினைச்சன் பிள்ளை."

தலையாட்டினார் என்றால் எப்படி? எங்கள் தலையாட்டல் எப்படிப்பட்டது என்று வாசகர்களுக்குத் தெரியும். ஆம், இல்லை, விளங்குகிறது, விளங்கவில்லை, சரி போ எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அந்தத் தலையாட்டல் பின்னர் எங்கள்மேல் ஒரு சாட்சியமாகவே வரப்போகிறது என்று அப்போது நாங்கள் நினைக்கவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தோம். கொம்பனியின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். எண்ணெய் இறக்கியதாகக் கணினி காட்டுகிறது, மறுப்பதென்றால் கணக்குப் பிரிவோடு பேசுங்கள் என்றார். கணக்குப் பிரிவு, விநியோகப் பிரிவோடு பேசச் சொன்னது. விநியோகப் பிரிவில் யாரும் எடுக்கவில்லை. அடுத்த கிழமை "வீட்டில் குடியிருப்பவருக்கு" என்று விலாசமிட்டுத் தபாலில் பில் வந்தது. ஏஜென்றிடம் சொன்னோம். எண்ணெய் வாடகைக்காரரின் அலுவல் என்றார்.

முந்நூறு டொலர் இன்றைக்குப் பெரிய தொகையாகத் தெரியாமலிருக்கலாம். 1993இல் அவுஸ்திரேலியாவில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் வேலையில்லாமல் இருந்தார்கள். எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை. மற்றவருக்குக் கூப்பிட்டால் வேலை. காசைவிடப் பெரிய பயம் வேறொன்று. அம்மம்மாவின் விசா விண்ணப்பம் அப்போது குடிவரவுத் திணைக்களத்தில் கிடந்தது. அவரைப் பராமரிக்க எங்களால் முடியும் என்று கையெழுத்து வைத்திருந்தோம். எண்ணெய்க் கடனுக்கு வழக்கு வந்தால், பராமரிக்க முடியாதவர்கள் என்று எழுதிவிட மாட்டார்களா? இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றிரவு ஒருவரும் சிரிக்கவில்லை.

ஊரவர்கள் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். எங்களோடு படித்த ஒருவர், "மச்சான், ஊத்தினது அவங்கடை பிழை. பேசாமல் கொளுத்திக் குளிர் காய்" என்றார். வயதில் மூத்த ஒருவர், "கட்டிவிடுங்கோ தம்பி, எங்கடை ஆக்களின்ரை பேர் கெட்டுப்போகும்" என்றார். அவர் தன் பங்காக இருபது டொலர் தரவும் முன்வந்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அகதியாக வந்தவர்களுக்கு இந்த இரண்டு குரலும் பழக்கமானவை: ஒன்று, கிடைத்ததை எடு, மற்றது, கேட்டதைக் கொடுத்துவிட்டு ஒதுங்கு. எங்களுக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. ஆனால் மூன்றாவதாக என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை.

தாங்கியின் அடியில் ஒரு திருகுபிடி இருந்தது. அது சொட்டத் தொடங்கியது. அம்மம்மா ஒரு ஐஸ்கிறீம் பெட்டியைக் கீழே வைத்தார். சொட்டிய எண்ணெயை விரலில் தொட்டு மணந்து பார்த்து, "இது எங்கடை மண்ணெண்ணைதானே!" என்றார். அவர் சொன்னது பிழையில்லை. இங்கே வீட்டுக்கு விற்கும் சூடாக்கும் எண்ணெய் மண்ணெண்ணெய்க்கு மிக நெருங்கிய சொந்தம்.

அதன்பின் அம்மம்மாவின் போக்கே மாறிவிட்டது. ஒரு முறிந்த தும்புத்தடியை எடுத்து, தாங்கியின் வாயால் விட்டு, நனைந்த இடத்தில் பென்சிலால் கோடு கீறி வைத்தார். ஒவ்வொரு காலையும் அதே வேலை. ஐஸ்கிறீம் பெட்டியில் சேர்ந்ததை மேலே ஊற்றிவிட்டு அளப்பார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஒரு போத்தலுக்கு எத்தனை லீற்றர் என்று கேட்டார். முக்கால் லீற்றர் என்றோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"எண்ணூற்றிப் பதினாறு போத்தல். ஒரு போத்தல் எனக்குப் பதினைஞ்சு நாள் போகும். முப்பத்திமூண்டு வருசத்துக்குக் காணும்."

1990இல் சண்டை மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. எரிபொருளும் மின்கலமும் பசளையும் சீமெந்தும் அங்கே போகாமல் தடுக்கப்பட்டன அல்லது எண்ணி விடப்பட்டன. மோட்டார் சைக்கிளைச் சில சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் சோதனைக்குப் படித்தார்கள். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதை நனைக்கிற அளவுக்கு எண்ணெய், கம்பியில் கோர்த்த ஒரு நூல் திரி. சுவாலை போத்தலுக்குள்ளேயே நிற்கும். சங்கக் கடையில் வரிசையில் நின்று, கூப்பனுக்குக் கிடைத்த எண்ணெயை அளந்து அளந்து எரித்த மனிசியின் தலைக்குப் பின்னால் இப்போது முப்பத்துமூன்று வருடத்து வெளிச்சம் கால்முளைத்து நின்றது. அதில் ஒரு போத்தலைக்கூட அங்கே விட்டுவந்த தன் தங்கைக்கு அனுப்ப வழியில்லை. அவர் இதைச் சொல்லவில்லை. தடியை மட்டும் அளந்தார்.

குளிர் ஏறியது. இரவில் நாலைந்து பாகைக்கு இறங்கும். பலகை வீட்டில் காற்றுப் புகாத இடமில்லை. இரண்டு கம்பி சிவக்கிற ஒரு சின்ன மின்சார ஹீற்றரை அறை அறையாகக் காவித் திரிந்தோம். முன்னறை ஹீற்றரைக் கொளுத்தலாமா என்று ஒவ்வொரு இரவும் யோசிப்போம். சேலைக்கு மேல் இரண்டு கம்பளிச் சட்டையும் காலுறையுமாக இருந்த அம்மம்மாவே தடுத்தார். "தொடாதேங்கோ. தொட்டால் வாங்கினது மாதிரி." பிறகு ஒரு சட்டத்தரணியின் வாயிலிருந்து ஏறக்குறைய இதே வசனத்தை ஆங்கிலத்தில் கேட்டோம்.

அந்த மஞ்சள் துண்டை எத்தனையோ தடவை பார்த்தும் எங்களுக்குத் தெரியாத ஒன்றை, எட்டு வயது மகன் கண்டுபிடித்தான். எங்கள் தெருப் பெயர்தான், எங்கள் இலக்கம்தான். ஆனால் கடைசியில் இருந்த இரண்டெழுத்து வேறு. 'எஸ் ரி' என்றால் ஸ்ட்ரீட். எழுதியிருந்தது 'சி ரி', கோர்ட். இந்த நாட்டில் ஒரே பெயரில் ஒரு ஸ்ட்ரீட்டும் ஒரு முட்டுச்சந்துக் கோர்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் யாருக்கு என்ன சந்தோசமோ தெரியாது. "இது கோர்ட்டுக்குப் போகவேண்டிய எண்ணெய்" என்று நாங்கள் சத்தமாகச் சொல்ல, அம்மம்மா கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். "ஐயோ, கோர்ட்டுக்குப் போட்டுதோ?"

அந்தக் கோர்ட் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. கதவைத் திறந்தவர் கறுப்பு உடுப்பில் ஒரு முதிய விதவை. மால்டாவிலிருந்து வந்தவர், சன்ஷைனிலும் சென் அல்பன்ஸிலும் அவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எண்ணெய் கேட்டு மூன்று கிழமையாகிறது. கேட்ட எண்ணெய் வந்துவிட்டது என்று கொம்பனி சொல்கிறதாம். காலியான தாங்கியோடு, அடுப்படியில் கேக் சுடும் போறணையைத் திறந்துவைத்து அதன் முன்னால் கதிரை போட்டு இருந்தார். நாங்கள் எங்கள் பில்லையே நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்த நாட்களில், அந்தப் பில்லுக்குரிய குளிரை இவர் அனுபவித்துக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. துண்டை முதல் நாளே சரியாக வாசித்திருக்கலாம்.

அவர் வீட்டுத் தொலைபேசியிலிருந்தே இருவருமாகக் கொம்பனியோடு பேசினோம். இரண்டு நாளில் அவருக்கு எண்ணெய் வந்தது. எங்கள் பில் போகவில்லை. சாரதியின் குறிப்பில், "வீட்டிலிருந்த பெண் தலையசைத்து ஏற்றார்" என்று இருக்கிறதாம்.

வேலைத்தலத்தில் ஒரு கிரேக்க நண்பர்தான் ஃபிட்ஸ்ரோய் சட்ட சேவைக்குப் போகச் சொன்னார். 1972இல் ஃபிட்ஸ்ரோய் நகரமண்டபத்தின் அடித்தளத்தில் தொண்டர்களால் தொடங்கப்பட்டது அது. பின்னேரங்களில் காசில்லாமல் ஆலோசனை கேட்கலாம். ரயிலும் ட்ராமுமாகப் போய், எங்கள் முறை வரும்வரை காத்திருந்தோம். எங்களோடு பேசியவர் இளம் சட்டத்தரணி. அம்மம்மாவின் தடியையும் கொண்டுபோயிருந்தோம். அவர் சிரிக்கவில்லை. கோடுகளுக்குப் பக்கத்தில் திகதி எழுதி வைக்கச் சொன்னார்.

அவர் விளக்கியது இது. 1974ஆம் ஆண்டின் வர்த்தக நடைமுறைச் சட்டத்தில், கேளாமல் அனுப்பிய பொருளுக்கு ஒருவர் பணம் கட்டவேண்டியதில்லை. அனுப்பியவர் மூன்று மாதத்துக்குள் வந்து எடுக்காவிட்டால் பொருள் பெற்றவருக்கே சொந்தம். எடுத்துப்போங்கள் என்று எழுத்தில் அறிவித்தால் அந்தக் காலம் ஒரு மாதமாகக் குறையும். இதைக் கேட்டு எங்கள் முகம் மலர்ந்திருக்கவேண்டும். அவர் கையை உயர்த்தினார். வேறொருவருக்காக வந்தது என்று தெரிந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டுமென்றால், அப்படிச் சொந்தமாகாது. கோர்ட் என்று எழுதிய துண்டு உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே இது உங்கள் கடனும் அல்ல, உங்கள் எண்ணெயும் அல்ல. எரிக்கவேண்டாம். எடுக்க வந்தால் மறுக்கவேண்டாம். ஒரு பாஷை விளங்காதவர் தலையசைத்தது கொள்வனவு ஆகாது. விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

புத்தகத்தைக் கேளாமல் அனுப்பினால் கட்டித் திருப்பி அனுப்பலாம். எண்ணெயை என்ன செய்வது? அடியில் கிடந்த பழைய எண்ணெயோடும் துருவோடும் கலந்துவிட்டது. அதை வேறொருவருக்கு விற்க முடியாது என்பது கொம்பனிக்கும் தெரியும். எங்களை வாங்கவைப்பதுதான் அவர்களுக்கு லேசான வழி. இந்த வியாபாரத்தில் ஊற்றுகிறவன் கை எப்போதும் மேலேதான். கனடாவிலும் அமெரிக்காவிலும் இதைவிட மோசமாக நடந்திருக்கிறது. தாங்கியைக் கழற்றிவிட்டு, நிரப்பும் குழாயை மட்டும் வெளிச்சுவரில் விட்டுவைத்த வீடுகளில், விலாசம் மாறிவந்த சாரதி அதற்குள் ஊற்ற, எண்ணெய் முழுவதும் நிலவறைத் தரையில் பாய்ந்திருக்கிறது. பழைய தாங்கியைக் கழற்றும் ஆட்கள் நிரப்பும் குழாயையும் பிடுங்கிவிடவேண்டும்.

சட்ட சேவையில் திருத்தித் தந்தபடி ஒரு பக்கக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். நாங்கள் கேட்கவில்லை, துண்டின் பிரதி இத்துடன், எண்ணெயைத் தொடவில்லை, எந்த நாளும் வந்து எடுக்கலாம், தாங்கி சொட்டுகிறது. பதில் இல்லை. ஜூலையில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவித்தல் வந்தது. ஓகஸ்டில் கடன் அறவிடும் ஒருவரின் கடிதம். ஒவ்வொன்றுக்கும் முதல் கடிதத்தின் பிரதியையே திரும்பத் திரும்ப அனுப்பினோம். வேறு எதுவும் எழுதவேண்டாம் என்பது சட்டத்தரணியின் புத்தி. அது நல்ல புத்தி. எங்கள் ஆட்கள் கடிதம் எழுதத் தொடங்கினால் எண்பத்துமூன்றாம் ஆண்டிலிருந்து தொடங்கிவிடுவோம்.

மால்டா அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினார். அம்மம்மாவும் அவரும் ஆளுக்காள் தங்கள் பாஷையில் பேசினார்கள். இடைக்கிடை நாங்கள் புகுந்து மொழிபெயர்த்தால் இருவருக்கும் அது இடைஞ்சலாகத்தான் இருந்தது. ஒருமுறை அம்மம்மா ஜாம் போத்தல் விளக்கைக் கையால் வரைந்து காட்டியபோது, மற்றவர் தகரப் பேணி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதுபோல் நடித்துக் காட்டினார். 1942இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. முற்றுகைக்குள் இருந்த மால்டாவில் மண்ணெண்ணெய் பங்கீட்டில்தான் கிடைத்தது. அந்த ஓகஸ்டில் பதினான்கு சரக்குக் கப்பல்கள் புறப்பட்டு ஐந்துதான் வந்து சேர்ந்தன. கடைசியாக, எண்ணெய்க் கப்பலான 'ஒஹாயோ', தளம் கடல் மட்டத்துக்குத் தாழ்ந்துபோன நிலையில், இரு பக்கமும் போர்க்கப்பல்கள் தாங்கிப்பிடிக்க, ஓகஸ்ட் 15ஆம் திகதி துறைமுகத்துக்குள் வந்தது. மாதாவின் திருநாள். மடுவிலும் அன்றுதான் திருவிழா என்று அம்மம்மா சொன்னார். எங்களுக்கு ஒரு கப்பலும் வரவில்லை என்றும் சொன்னார். அதை நாங்கள் மொழிபெயர்க்கவில்லை.

செப்டம்பர் நடுவில், குளிர் போய்க்கொண்டிருந்த நேரம், இரண்டு பேர் பீப்பாய்களும் கைப்பம்பியுமாக வந்தார்கள். அம்மம்மா தடியோடு நின்றார். அவர் கீறிய முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் ஒரு விரல் அகலம்கூட வித்தியாசமில்லை. வந்தவர்களில் மூத்தவர் அதைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அடியில் பம்பி எட்டாத கொஞ்ச எண்ணெய் மிஞ்சியது. அதில் ஒரு போத்தல் எடுக்கலாமா என்று அம்மம்மா கேட்கச் சொன்னார். தாராளமாக என்றார் அந்த மனிதர்.

அன்றிரவு ஒரு வெஜிமைட் போத்தலைக் கழுவித் துடைத்து, பஞ்சு வைத்து, கம்பியில் திரி கோர்த்து, குசினி மேசையில் விளக்குக் கொளுத்தினார். பிள்ளைகள் மின்விளக்கை அணைத்துவிட்டு வந்து இருந்தார்கள். கொஞ்சம் புகைத்தது. "துரு கலந்த எண்ணெய்" என்றார் அம்மம்மா.

அந்தத் தாங்கியையும் ஹீற்றரையும் அடுத்த வருடம் கழற்றினார்கள். 1998 செப்டம்பர் 25ஆம் திகதி லோங்ஃபோர்ட் வாயு ஆலையில் வெடிப்பு ஏற்பட்டு இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஏறக்குறைய இரண்டு கிழமை மெல்பேணில் வாயு இல்லை. முழு நகரமும் பச்சைத் தண்ணீரில் குளித்து முறையிட்ட அந்த நாட்களில், மால்டா அம்மாவின் முன்னறை மட்டும் கதகதவென்று இருந்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2011 ஜனவரி முதல் அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் இருக்கிறது. கேளாமல் வந்த பொருள் பற்றிய விதி ஏறக்குறைய அப்படியே அதில் இருக்கிறது. இப்போது தாங்கியில் ஊற்றுவது அரிது. 2002இல் மின்சாரத்தையும் வாயுவையும் எந்தக் கொம்பனியிடமும் வாங்கலாம் என்று வந்தபின், கதவைத் தட்டியவர்களுக்குத் தலையாட்டிவிட்டு, கணக்கு வேறு கொம்பனிக்குப் போய்விட்டதே என்று கடிதத்தோடு எங்களிடம் வந்த கிழவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கும் அதே ஒரு பக்கக் கடிதத்தைத்தான் மாற்றி எழுதிக் கொடுத்தோம்.

சொல்ல மறந்தது ஒன்று. 1993 நவம்பரில் கொம்பனியிடமிருந்து கடைசியாக ஒரு பில் வந்தது. செலுத்தவேண்டிய தொகை 0.00 டொலர், பதினான்கு நாட்களுக்குள் செலுத்தவும் என்று இருந்தது. அம்மம்மா அதை வாங்கி, மடித்து, தன் கடவுச்சீட்டு இருந்த பிஸ்கற் பேணிக்குள் வைத்தார்.